நோன்பு வைத்தால் வயசு குறையுமா?

ரமலான் பிறை தெரிந்ததும் கீழக்கரை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: நோன்பு வைத்தால் செல்கள் தங்களையே தின்று புதுசாகும், வயசு குறையும், இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜப்பான்காரர் நோபல் வாங்கினார். ஏகாதசி வந்தால் அதே செய்தி, படம் மட்டும் மாறி, ராமேஸ்வரம் நண்பர்களிடமிருந்து வரும்.

யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் வாங்கியது உண்மைதான். ஆனால் அவர் பார்த்தது ஈஸ்ட்டை. பட்டினி போட்டால் அது தன் பழைய சரக்கை உடைத்து எப்படி மறுபடி பயன்படுத்துகிறது, அதற்கு எந்த மரபணுக்கள் வேண்டும் என்பதுதான் ஆய்வு. மனுஷனுக்கு வயசு குறையும் என்று அதில் எங்கேயும் இல்லை.

மனிதர்களிடம் செய்ததில் உருப்படியானது அமெரிக்காவின் கேலரி (CALERIE) என்ற கலோரிக் குறைப்பு ஆய்வு. உடல் பருமன் இல்லாத சுமார் 220 பேர், 2 வருஷம். அதில் ஒரு பகுதியினரிடம் கலோரியை 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், முடிந்தது என்னவோ சராசரியாக 12 சதவீதம்தான் (நம்மூர் கல்யாண பிரியாணி வாசம் படாமலே இந்த நிலைமை). அவர்கள் ரத்தத்தில், டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும், வயசு ஏற ஏற மாறும் மெத்தில் குறிகளை வைத்துக் கணக்குப் போட்டு 2023-இல் வெளியிட்டார்கள். முதுமையின் வேகத்தை அளக்கும் டனீடின்பேஸ் என்ற அளவுகோல்படி அந்த வேகம் 2 முதல் 3 சதவீதம் மெதுவாகியிருந்தது. உடம்பின் வயசைக் கணிக்கும் ஃபீனோஏஜ், கிரிம்ஏஜ் என்ற மற்ற இரண்டு அளவுகோல்களும் அசையவே இல்லை.

இன்னொன்று, அவர்கள் யாரும் நோன்பு இருக்கவில்லை. தினமும் சாப்பிட்டார்கள், கொஞ்சம் குறைவாக.

இங்கே கதை வேறு. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொன்னதும் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி, கூடவே வடை, சமோசா, ரோஸ்மில்க், தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து பரோட்டா, அப்புறம் விடியுமுன் சஹர் சாப்பாடு. பகலில் மிச்சம் பிடித்ததை ராத்திரியே வட்டியோடு கட்டிவிடுகிறோம், இதில் எந்த செல் புதுசாகும் என்று எனக்குத் தெரியவில்லை.

சுகர் மாத்திரை போடும் தெருக்காரர் ஒருவர், "வயசு குறையுமாம்ல, இனி வருஷம் பூரா திங்கள் வியாழன் நோன்பு வைக்கப்போறேன்" என்றார். "நன்மைக்கு வைங்க காக்கா (அண்ணன்), ஆனா டாக்டர்கிட்ட டோஸ் கேட்டுட்டு வைங்க" என்றேன். கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம். வேர்த்துக் கொட்டி கை நடுங்கினால் மஃரிப்புக்குக் காத்திருக்காமல் நோன்பைத் திறந்துவிட வேண்டும், நோயாளிக்கு மார்க்கத்திலேயே அந்தச் சலுகை இருக்கிறது.