போஸ்ட்டாக் தேடல்: பதில் வந்த கடிதமும் வராத கடிதங்களும்

முனைவர் பட்டத்துக்கான தீசிஸை ஒப்படைத்த பிறகுதான் போஸ்ட்டாக் இடம் (பட்டத்துக்குப் பிறகான தற்காலிக ஆய்வுப் பணி) தேட ஆரம்பித்தேன். ஓராண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது உதவித்தொகை நின்ற பிறகுதான் உறைத்தது.

முதல் 2 மாதங்களில் 40 கடிதங்கள் அனுப்பினேன். எல்லாம் ஒரே கடிதம்தான், பேராசிரியரின் பெயரை மட்டும் மாற்றினேன். "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று எழுதியிருந்தேனே தவிர, எந்த ஆய்வு என்று ஒரு வரி இல்லை. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

பதில் வந்த கடிதம் வேறு மாதிரி. ஒரு பேராசிரியருடைய ஆய்வுக் கட்டுரையின் 4ஆவது படத்தில், மென்படலத்தின் மின்கடத்துதிறன் சில நாட்களில் சரிந்திருந்தது. ஈரப்பதம்தான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். என் மாதிரிகளிலும் அதே சரிவு உண்டு. ஈரமே படாமல் வைத்தும் நிற்கவில்லை. படலத்துக்குள் தங்கிவிட்ட கரைப்பான்தான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு 5 மாதம் பிடித்தது. இதை ஏழெட்டு வரியில் எழுதி, என் வரைபடம் ஒன்றையும் சி.வி.யையும் இணைத்து, அவருடைய ஆய்வகத்தில் அடுத்து என்ன செய்து பார்க்கலாம் என்று ஒரு யோசனையோடு முடித்தேன். மறுநாளே பதில் வந்தது: "இப்போது என்னிடம் பணம் இல்லை, ஆனால் பேசுவோம்."

பணம் இல்லை என்றதும் மனம் விட்டுவிடாதீர்கள். பேராசிரியரின் திட்டப் பணத்தில் சேருவது ஒரு வழி. அவருடைய ஒப்புதலோடு நாமே ஃபெல்லோஷிப்புக்கு (நம் பெயரில் வரும் ஆய்வு உதவித்தொகை) விண்ணப்பிப்பது இன்னொரு வழி. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப் அப்படி ஒன்று. போஸ்ட்டாக் பிரிவுக்கு முனைவர் பட்டம் முடித்து 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பில், பட்டத்துக்குப் பிறகான ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக் கூடாது. போக நினைக்கும் நாட்டில் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவும் கூடாது. இந்த விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள். திட்ட முன்மொழிவை எழுதி முடித்த பிறகு தகுதி இல்லை என்று தெரிந்தால், போன வாரங்கள் திரும்பி வராது.

வேலை விளம்பரங்களுக்கு யூராக்சஸ், நேச்சர் கேரியர்ஸ் என்ற ஆய்வு வேலைவாய்ப்புத் தளங்களில் தினசரி அறிவிப்பு வைத்துக்கொண்டால் போதும். பரிந்துரைக் கடிதம் தருபவர்களுக்கு 3 வாரம் முன்பே தேதியைச் சொல்லி, உங்கள் முன்மொழிவையும் அனுப்பிவிடுங்கள். கைடு எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நீங்கள் எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று தெரியாமல் நல்ல கடிதம் எழுத முடியாது.

அப்புறம், நேர்காணல் நன்றாகப் போனாலும் உடனே சரி என்று சொல்லாதீர்கள். அந்த லேபில் இப்போது இருப்பவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். பணம் எதுவரை இருக்கிறது, முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கிளம்பும்போது நம் யோசனையை நாமே எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள். ஒரு இடத்தில் விளம்பரத்தில் 2 ஆண்டு என்றிருந்தது. அங்கிருந்த மாணவி, கையிருப்பு 10 மாதத்துக்குத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த இடத்தை விட்டுவிட்டு, பேசுவோம் என்று எழுதிய பேராசிரியரோடு சேர்ந்து முன்மொழிவு எழுத உட்கார்ந்தேன்.