களிம்பு ஏறிய மதர்போர்டு

386 அல்லது 486 வகை சிப்பில் ஓடும் 1990-களின் கணினி ஒன்று கைக்கு வந்தால், பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் கை பரபரக்கும். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் மூடியைக் கழற்ற வேண்டும். கீபோர்டு ஒயர் செருகும் மூலைக்கு அருகே சுண்டுவிரல் அளவில் ஓர் உருளை பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் தேதி, நேரம், ஹார்டு டிஸ்கின் அளவு ஆகியவற்றைக் கணினி மறக்காமல் இருப்பதற்காகச் சால்டர் செய்து வைத்த 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி அது. முப்பது ஆண்டு கழித்தும் அது ஒழுகாமல் இருந்தால் அதைத்தான் அதிசயம் என்று சொல்ல வேண்டும்.

நான் இப்போது எழுதுவது, பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த ஒரு சிறிய அச்சகத்தின் பரணில் கிடந்த 486-ஐப் பற்றி. அச்சகத்துக்காரர் அதைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவதாக இருந்தார். திறந்து பார்த்தபோது பேட்டரியின் இரு முனைகளிலும் வெள்ளை உப்பு பூத்திருந்தது. அங்கிருந்து பச்சையும் நீலமுமாக ஒரு கறை பக்கத்தில் இருந்த கீபோர்டு கண்ட்ரோலர் சிப்பின் கால்கள் வரை ஊர்ந்து போயிருந்தது. பேட்டரிக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து செம்பை அரித்தால் இப்படித்தான் ஆகும். புழங்காமல் போட்டுவைத்த செப்புக்குடத்தில் ஏறும் களிம்பைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல. ஆனால் குடத்தின் செம்பு தடிமனானது, புளி போட்டுத் தேய்த்தால் போதும்; மதர்போர்டில் ஓடும் செம்புக் கோடோ தலைமுடி அளவே அகலமுள்ளது, களிம்பு ஏறி முடிவதற்குள் கோடே இல்லாமல் போய்விடும்.

பேட்டரியை வெட்டி எடுத்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, மிஞ்சியிருக்கும் காரத்தை அமிலத்தால் சமன்செய்வது. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தடவினால் உப்பு நுரைத்து எழும். நுரை அடங்கும்வரை தடவ வேண்டும். பிறகு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். நம்மூர் வெயிலில் காயவைப்பதற்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. காய்ந்த பின்தான் உண்மையான சேதம் தெரியும். கறுத்துப்போன இடங்களில் பச்சைப் பூச்சை பிளேடின் முனையால் மெல்லச் சுரண்டி, அடியில் செம்பு பளபளக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கோட்டையும் மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று சோதித்தேன். மேலே தெரியும் கோடுகளைவிட, போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு துளைகளில்தான் வஞ்சகம் அதிகம். பார்வைக்கு முழுசாக இருக்கும் துளையின் உட்சுவர் அரித்துப்போய் இணைப்பு அறுந்திருக்கும். அறுந்த இடங்களுக்கெல்லாம் மெல்லிய எனாமல் கம்பியால் பாலம் போட்டேன். அந்தக் கம்பிக்காக இணையத்தில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பம்புசெட் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காயில் சுற்றும் வைண்டிங் கடைகள் திருநெல்வேலி வட்டாரத்தில் எந்தச் சிற்றூரிலும் உண்டு. மிச்சம் வரும் மெல்லிய கம்பியைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

பேட்டரி இருந்த இடத்தில் கடிகாரத்துக்குப் போடும் சி.ஆர்.2032 வில்லை பேட்டரியை வைக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் நேரடியாக வைக்கக் கூடாது. கணினி ஓடும்போது பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்கான சுற்று போர்டிலேயே இருக்கிறது; சார்ஜ் ஏற்றக் கூடாத வில்லை பேட்டரிக்குள் அது மின்சாரத்தைத் தள்ளினால் பேட்டரி வீங்கி வெடிக்கும். நடுவில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடைச் சரியான திசையில் போட்டுவிட்டால் கவலையில்லை.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஏ.டி. வகையில் மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டர்களையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு தீர்ந்தது. உள்ளே மெயின்ஸ் வரும் இடத்தில் காகிதச் சுருளால் ஆன கெப்பாசிட்டர் இருந்து, அதன் ஒளி ஊடுருவும் மேலுறையில் விரிசலும் தெரிந்தால், யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். விரிசல் வழியே ஈரம் ஏறிய அந்தக் கெப்பாசிட்டர் மின்சாரம் பட்ட சில நிமிடங்களில் புகைந்து வீட்டையே நாறடித்துவிடும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காற்றில் கிடந்த பெட்டிகளில் இதை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்தான் எனக்கு முக்கியம். பழைய கணினியைப் புதுப்பிக்கும் பலருக்கும் விளையாட்டுகள் மேல்தான் கண். எனக்கோ அந்த டிஸ்கில் உறங்கும் தமிழ்மேல் கண். உலக மொழிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டாலும், விண்டோஸில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் மனம்போலத் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தது. இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு காணத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஒரு பத்திரிகைக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் மணமக்கள் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். உரிய எழுத்துரு வேண்டும், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் அதே பழைய பதிப்பு வேண்டும். சில தமிழ் மென்பொருள்களுக்கோ பிரிண்டர் போர்ட்டில் செருகும் லாக்கும் வேண்டும். லாக் இல்லாவிட்டால் அவை திறக்கவே திறக்காது. இவை அத்தனையும் ஒன்றுகூடி இருக்கும் ஒரே இடம் அந்தப் பெட்டிதான். அதனால் அந்தப் பெட்டியில் பிரிண்டர் போர்ட் உள்ள கார்டை நான் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

டிஸ்கைச் சுழலவிட்டு மெனுக்களில் உலாவுவதற்கு முன்பே அதை முழுமையாகப் படியெடுத்துவிட வேண்டும். யு.எஸ்.பி. அடாப்டர்கள் பெரும்பாலும் இவ்வளவு பழைய டிஸ்குகளை அடையாளம் காண்பதில்லை. டிஸ்கின் ஒவ்வொரு துண்டையும் ஒரே வரிசை எண்ணால் அழைக்கும் எல்.பி.ஏ. முறை வருவதற்கு முன் பிறந்த டிஸ்குக்கு சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே பழைய ஹார்டு டிஸ்குகளுக்கான ஐ.டி.இ. போர்ட் உள்ள ஒரு பெண்டியம் 4 கணினியில் மாட்டி, லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ என்ற படியெடுக்கும் மென்பொருள் கொண்டு படியெடுத்தேன். பின்னர் அந்தப் படியை சி.எஃப். (காம்பாக்ட் ஃப்ளாஷ்) மெமரி கார்டில் எழுதி, சாதாரண அடாப்டர் மூலம் 486-இல் பொருத்தினேன். சி.எஃப். கார்டு இயல்பிலேயே ஐ.டி.இ. பாஷை பேசும் என்பதால் நடுவில் மொழிபெயர்க்கும் சிப் எதுவும் தேவையில்லை. அளவில் மட்டும் ஆசைப்படக் கூடாது. கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த நிரலான அக்கால பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணாது. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட்டில் கதை முடிந்துவிடும். 512 எம்.பி. கார்டு இந்தக் கணக்குக்குள் கச்சிதமாக அடங்கும். அசல் டிஸ்கை உறையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே ஓர் ஓரமாகக் கட்டிவைத்திருக்கிறேன்.

மேம்பாடு என்று எதைச் செய்வது, எங்கே நிறுத்துவது என்பதில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு. அந்தக் கணினியின் காலத்தில் ஒருவர் கடையில் வாங்கிப் பொருத்தியிருக்கக்கூடியதையோ, நாளை தடயமில்லாமல் கழற்றிவிடக்கூடியதையோ மட்டுமே சேர்ப்பது என் கட்சி. 33 மெகாஹெர்ட்ஸ் 486 டி.எக்ஸ். இருந்த சாக்கெட்டில் டி.எக்ஸ்.2-66 போட்டேன், போர்டின் வேகம் அதே 33-ஆக இருக்க, சிப் மட்டும் உள்ளே இரட்டிப்பாக ஓடும். இதையடுத்து வந்த டி.எக்ஸ்.4-100 இன்னும் வேகமானதுதான். ஆனால் அது 3.3 வோல்ட் சிப், 5 வோல்ட் மட்டுமே தரும் பழைய சாக்கெட்டில் நேராக வைத்தால் அத்துடன் போய்விடும். மெமரி 4 எம்.பி.யில் இருந்து 16 எம்.பி. ஆனதும் விண்டோஸ் 3.1-இல் பேஜ்மேக்கர் மூச்சு வாங்காமல் பக்கம் புரட்டுகிறது. இங்கே 30 பின் சிம்களை (மெமரிப் பட்டைகளை) நான்கு நான்காகத்தான் போட முடியும். எட்டு பிட் சிம் நான்கு சேர்ந்தால்தான் 32 பிட் நிறையும்.

இந்தச் சிப்புகளை வாங்குவதில் நமக்குப் போட்டி, தங்கம் பிரிப்பவர்கள். பீங்கான் உறையும் தங்க முலாம் பூசிய கால்களும் உள்ள 486 சிப்பை அவர்கள் விடுவதில்லை. டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில், "அண்ணாச்சி, பெட்டின்னா எடைக்கு எடுத்துக்கோங்க, சிப்புக்கு மட்டும் ரேட்டு தனியாக்கும்" என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். கேட்ட விலையைக் கொடுத்துத்தான் டி.எக்ஸ்.2-ஐ மீட்டேன்.

மஞ்சளாகிப்போன கேபினெட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வெயிலுக்கு நமக்குப் பஞ்சமில்லை என்றாலும், சித்திரை வெயிலில் பூச்சு சீக்கிரமே காய்ந்து திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும். பிளாஸ்டிக் வளைந்துகொள்வதும் உண்டு. அச்சகத்தில் உழைத்த பெட்டி மஞ்சளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு ராஸ்பெர்ரி பை என்ற இன்றைய குட்டிக் கணினியை வைத்து, "பழைய கணினி மறுபிறப்பு" என்று படம் போடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது; அது பெட்டியைக் காப்பாற்றுவது, கணினியை அல்ல.

மானிட்டரில் நான் கைவைப்பதில்லை. 14 அங்குல வண்ணக் குழாயின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதற்குப் பழைய டி.வி. மெக்கானிக்குகள்தான் சரி. வண்ணார்பேட்டையில் ஒருவர், இப்போது எல்.இ.டி. டி.வி.க்கு வரிசையாகப் பட்டி மாற்றுவதே பிழைப்பாகிப்போனவர், இந்த மானிட்டரை மேஜைமேல் வைத்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபோகஸைத் திருகி எழுத்தைக் கூராக்கிக் கொடுத்தபின் கூலியாக டீக் காசு மட்டும்தான் வாங்கினார். மிச்சம் இருப்பது பிளாப்பி டிரைவ். 1.44 எம்.பி. டிஸ்குகளில் பாதிக்குமேல் பூஞ்சை பிடித்திருக்கிறது. டிரைவின் ஹெட்டைத் துடைத்து வைத்தால், பூஞ்சை பிடித்த ஒரு டிஸ்க் ஒரே சுற்றில் அதை மறுபடி அழுக்காக்கிவிடுகிறது. அதனால் இப்போதைக்கு டிஸ்குகளின் உறையைத் திறந்து, உள்ளிருக்கும் வட்டை ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படியெடுத்து வருகிறேன்.