கோவைக்குப் போகும் மெழுகுக் கட்டி

கோத்தகிரிப் பேருந்து நிலையத்தில் இன்று காலை, கோவைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுத் தம்பி, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினான்.

உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய மெழுகுக் கட்டி. அதன் நடுவே, அவன் அம்மாவின் நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த, மங்கிய வெள்ளை நிறச் சதைத்துணுக்கு. அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்; அதில் எந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்று பரிசோதிக்கத்தான் அது கோவைக்குப் போகிறது.

"அம்மா பீடியைத் தொட்டதுகூட இல்லையே, அண்ணா?"

புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில்தான், அதிலும் ஆசியப் பெண்களிடம், இ.ஜி.எஃப்.ஆர். என்ற, செல் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவில் மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த மாற்றம் உள்ளவர்களிடம் ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரை நன்கு வேலை செய்கிறது என்பது 2004-இல் தெரியவந்தது. ஏ.எல்.கே. என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்துக்கும் தனி மாத்திரைகள் உண்டு. சதை போதாவிட்டால் ரத்தத்திலும் தேடலாம். ஆனால் ரத்தத்தில் தென்படவில்லை என்பதற்காக மாற்றமே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

தனக்கும் தங்கைக்கும் வந்துவிடுமோ என்பதுதான் அவனுடைய உண்மையான பயம். (யாருக்குத்தான் இருக்காது?) இந்த மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் புற்றுக்கட்டியில் மட்டுமே பின்னாளில் உண்டானவை, பரம்பரையாக வருவது மிக அரிது.

பரிசோதனை முடிவு வருமுன்பே கீமோவைத் தொடங்கச் சொல்லி உறவினர்கள் நெருக்குகிறார்களாம். அம்மாவின் உடல்நிலை இடம்கொடுக்குமானால் அதுவரை பொறுக்கலாமா என்று மருத்துவரிடமே கேட்கச் சொல்லி அனுப்பினேன்.