அக்கா லேப்டாப்பில் ஐந்தாவது பார்ட்டிஷன்

அக்காவுக்கு விருதுநகரில் மளிகைக் கடை. கணக்கு முழுக்க டேலியில்தான். லேப்டாப் 2012-இல் வாங்கியது. விண்டோஸ் 7-உடன் வந்து, பிறகு 10-க்கு மாறியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ அந்த மெஷின் ஏற்காது. பேங்க் வேலையும் அதே லேப்டாப்பில் நடப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சரி, டேலிக்கு விண்டோஸ் இருக்கட்டும், இணையத்துக்கு விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்டைப் பக்கத்திலேயே போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு போனேன்.

"தம்பி, கணக்கு எதுவும் போயிடாதுல்ல?" அக்கா இதை மூன்று முறை கேட்டுவிட்டாள். முன்பு சர்வீஸுக்குப் பார்த்த ஒருவர் "மொத்தமா ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும்" என்று சொல்லியிருந்தாராம். அந்தப் பயம் அவளுக்குப் போகவே இல்லை. அதனால் டேலி டேட்டா ஃபோல்டரையும் வீட்டுப் படங்களையும் முதலில் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் எடுத்தேன். எடுத்ததோடு விடாமல், என் லேப்டாப்பில் திறந்து போன வாரத்து பில் வரை வருகிறதா என்று அவளிடமே காட்டினேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம் விண்டோஸில் டிஸ்க்கைப் பிரிக்க உதவும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தேன். 500 ஜிபி டிஸ்க், விண்டோஸ் காட்டுவது 465. வரிசையாக நான்கு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள்: 199 எம்பி சிஸ்டம், 445 ஜிபி சி டிரைவ், 20 ஜிபி ரெக்கவரி, கடைசியில் 103 எம்பி டூல்ஸ். சி டிரைவில் 160 ஜிபிதான் நிரம்பியிருந்தது. மின்டுக்கு இடம் விட அதை 120 ஜிபி சுருக்கலாம் என்று பார்த்தால், 38 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்றது. இடம் இல்லாமல் இல்லை. நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அது எது என்பதை விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில், அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவு சொல்லிவிடும். இங்கே பேஜ் ஃபைல், அதாவது ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு. அதை நிறுத்தினேன். கூடவே ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் 120 ஜிபி தாராளமாகக் கிடைத்தது. பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் மறக்காமல் திரும்பப் போட்டேன்.

இனி சுலபம் என்று நினைத்து மின்டை பென்டிரைவிலிருந்து ஏற்றினால், இன்ஸ்டாலர் அந்த 120 ஜிபியைக் காட்டி, பயன்படுத்த முடியாத இடம் என்கிறது. 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற வழியும் காணோம். முதல்முறை இதைப் பார்ப்பவர்களுக்கு டிஸ்க்கே கெட்டுவிட்டதோ என்று தோன்றும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. இந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன்களைப் பதிவு செய்திருப்பது எம்பிஆர் என்ற பழைய முறையில். அதில் டிஸ்க்கின் முதல் செக்டரான 512 பைட்டில், பார்ட்டிஷன் அட்டவணைக்கு ஒதுக்கியது 64 பைட். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட். ஆக நான்கே வரி. 1983-இல் பிசி டாஸ் 2.0 காலத்தில் செய்த ஏற்பாடு அது. கம்பெனியில் போட்டு அனுப்பிய பார்ட்டிஷன்களே நான்கு வரியையும் நிரப்பிவிட்டன. நிலம் இருக்கிறது, பதிவு செய்யப் பத்திரத்தில் வரி இல்லை.

இந்த இடத்தில் பலர் விண்டோஸுக்கே திரும்பிப் போய் அந்தக் காலி இடத்தில் பார்ட்டிஷன் உருவாக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்க்கை டைனமிக் என்ற விண்டோஸின் தனி முறைக்கு மாற்றப்போகிறேன், சரியா என்று ஒரு பெட்டி வரும். சரி என்று அழுத்திவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு உள்ளே இருக்கும் பிரிவுகள் ஒழுங்காகத் தெரியாது. டேட்டா போகாமல் பழைய நிலைக்குத் திரும்புவதும் பெரும் பாடு. எம்பிஆரை விட்டு ஜிபிடி என்ற புதிய பதிவு முறைக்கு மாற்றலாமா என்றால், அதில் 128 வரி உண்டுதான். ஆனால் மைக்ரோசாஃப்டின் எம்பிஆர்2ஜிபிடி கருவி அந்த அட்டவணையில் நேரடியாகப் பதிவான பிரைமரி பார்ட்டிஷன் மூன்று வரை இருந்தால்தான் வேலை செய்யும். அக்கா மெஷின், கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் முறையில் பூட் ஆவது வேறு. மாற்றினால் விண்டோஸே எழும்பாது.

ஆக ஒரு வரியைக் காலி செய்ய வேண்டும். எதை? சின்னது என்பதால் டூல்ஸை எடுக்கத்தான் முதலில் கை போகும். நான் ரெக்கவரியை எடுத்தேன். அதற்குள் இருந்தது 2020-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7. அதோடு அது காலி இடத்தை ஒட்டியே இருக்கிறது; நீக்கினால் 140 ஜிபி ஒரே துண்டாகச் சேரும். விண்டோஸ் 10-இன் சொந்த மீட்புக் கோப்புகள் அதற்குள் இல்லை, சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதைக் கமாண்ட் கொடுத்து உறுதிசெய்த பிறகே நீக்கினேன். அதற்கு முன் அந்த 20 ஜிபியையும் எக்ஸ்டெர்னலுக்குக் காப்பி எடுத்தாயிற்று.

காலியான வரியில், உள்ளே பல பிரிவுகளை அடக்கிக்கொள்ளும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்று. அதற்குள் மின்ட் உட்காரும் ரூட்டுக்கு 40 ஜிபி, சொந்தக் கோப்புகளுக்கான ஹோமுக்கு 100. இப்படி உள்ளே இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் 5-இல்தான் தொடங்கும். லினக்ஸில் இந்த டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ. அதனால் எஸ்டிஏ5, எஸ்டிஏ6. ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம், கோப்பாகவே உருவாகிவிடும். எந்த இயங்குதளம் என்று கேட்டுத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் எங்கே என்று கேட்டதற்கு எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கைக் கொடுத்தேன். எஸ்டிபி என்பது பென்டிரைவ். ஹைபர்னேஷனை மட்டும் அணைத்தபடியே விட்டிருக்கிறேன். அது இருந்தால், விண்டோஸை முழுதாக மூடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இருக்கும், அப்போது மின்டிலிருந்து சி டிரைவில் எதையும் எழுத முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு கருப்புத் திரையில் மின்ட், விண்டோஸ் இரண்டு பெயரும் வந்தன. அக்கா முதலில் விண்டோஸுக்குள் போய், டேலியைத் திறந்து, சனிக்கிழமை இருப்பை நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். "சரியா இருக்கு தம்பி. இப்ப அந்தப் புதுசைக் காட்டு" என்றாள்.

பழைய நான்கு வரி, புதிய வரிகள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வைத்திருக்கிறேன். அடுத்து அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும் முதலில் அதைப் படிக்கட்டும்.