மாவுச்சத்துப் பாடமும் உதகை அடுப்பும்

உணவு அறிவியல் முதுநிலைத் தேர்வில், தானிய மாவுச்சத்துப் பகுதியில் நான் மதிப்பெண் இழந்தது ஒரே ஒரு வினாவில்தான்: உயரமான ஊர்களில் அரிசி வேகத் தாமதமாவது ஏன்? உதகையில் பிறந்து வளர்ந்த துணிச்சலில், தண்ணீர் போதிய சூடேறாததால் மாவுச்சத்து பசையாவதில்லை என்று எழுதிவிட்டேன். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடுவது உண்மைதான். ஆனால் அரிசியின் மாவுச்சத்து, ரகத்திற்கேற்ப 55 முதல் 80 டிகிரிக்குள் பசையாகிவிடும். சூடு குறையக் குறைய, நீர் அரிசியின் நடுவரை இறங்குவதும் உள்ளிருக்கும் மாவுச்சத்து முழுமையாகப் பசையாவதும் மெதுவாகின்றன என்பதே விடை. எங்கள் வீட்டில் குக்கருக்குக் கூடுதல் விசில் விடுவதன் காரணமும் இதுவே.

அதன்பின் இப்பகுதியை அடுப்படியோடு சேர்த்தே படித்தேன். மாவுச்சத்தில் உள்ள இருவகை மூலக்கூறுச் சங்கிலிகளான, நேராக நீளும் அமைலோஸ், கிளைவிடும் அமைலோபெக்டின் என்ற இரண்டையும் வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட, ஆறிய சோறு ஏன் விறைக்கிறது என்று கேட்டுக்கொள்வது பயனுள்ளது. பசையான சங்கிலிகள் ஆறும்போது மீண்டும் அடுக்காகச் சேர்கின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலும் அமைலோபெக்டின் சில நாட்களிலும் இவ்வாறு இறுகும். நேற்றைய இட்லியை ஆவியில் வைத்தால் மிருதுவாவதற்குக் காரணம், அமைலோபெக்டினின் இறுக்கம் 60 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே தளர்வதுதான். அமைலோஸின் இறுக்கமோ 120 டிகிரிக்கு மேல்தான் கலையும் என்பதால், அந்தப் பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது.

மாவுச்சத்தின் செரிமானத்திற்கு, 1992-இல் ஆய்வாளர் இங்கிலிஸ்ட் குழு வெளியிட்ட வகைப்பாடு போதும்: சோதனைக்குழாயில் 20 நிமிடத்திற்குள் குளுக்கோஸாவது விரைவில் செரிப்பது, 120 நிமிடம் வரை எடுப்பது மெதுவாகச் செரிப்பது, எஞ்சியது செரிமானத்தை எதிர்ப்பது. இக்கால அளவுகளை எழுதாத விடை அரைகுறையாகவே தோன்றும்.

பயன்களைத் தனிப் பட்டியலாகப் படிக்க வேண்டியதில்லை. அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத மெழுகுச் சோளத்தின் பசை ஆறினாலும் எளிதில் இறுகாது. உறைய வைக்கும் குழம்புகளுக்கு அது ஏற்றதாவது அதனால்தான். அரிசியின் மாவுமணிகள் சில மைக்ரான் அளவே இருப்பதால் முகப்பவுடருக்கு உதவுகின்றன. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதை நான் எடுத்துக்காட்டாக எழுதியபோது தேர்வாளர் அதை ஏற்றுக்கொண்டார்.