தஞ்சாவூர் போனால் பங்காரு காமாட்சியையும் பாருங்க

தஞ்சாவூர் போகிற பெரும்பாலானோர் பெரிய கோயில், அரண்மனை பார்த்துட்டு பஸ் ஏறிடுறாங்க. மேல ராஜ வீதியில் இருக்கிற பங்காரு காமாட்சி அம்மனைப் பார்க்காம வரலாமா?

இவள் காஞ்சிபுரத்துக்காரி. பொன்னால் ஆன திருமேனி. காஞ்சியில் படையெடுப்பு பயம் வந்தப்போ, பூஜை செய்த குடும்பமே அவளைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராக அலைஞ்சது. செஞ்சி, உடையார்பாளையம், திருவாரூர், கடைசியில் தஞ்சை. அம்மை கண்ட குழந்தையைக் கொண்டு போகிற மாதிரி மூடி மறைச்சு எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்வாங்க. தலைமுறை தலைமுறையா ஒரு தெய்வத்தைக் கைக்குழந்தை மாதிரி சுமக்கிறதுன்னா சும்மாவா!

அந்தக் குடும்பத்தில் 1762-ல் திருவாரூரில் பிறந்தவர்தான் சியாமா சாஸ்திரிகள், கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் மூத்தவர். பைரவி ராகத்தில் அமைச்ச ஸ்வரஜதிங்கிற பாட்டில் அவர் 'காமாட்சி'ன்னு கூப்பிடுறது இவளைத்தான். அதைக் கேட்டுட்டு சன்னதியில் நின்னு பாருங்க, கண்ணு கலங்கும்.

காஞ்சியில் அம்பாள் பத்மாசனத்தில் உட்கார்ந்திருப்பாள். இங்கே நின்ற கோலம். முகத்தில் புனுகுங்கிற வாசனைப் பூச்சு சாத்தியிருப்பதால் தங்கம் வெளியே தெரியாது, கருகருன்னு இருக்கும். அந்தக் கறுப்பில் கண்ணு மட்டும் பளிச்சுன்னு நம்மையே பார்க்கும். எனக்கு அவ்வளவு பிடிச்ச முகம் வேற எந்தக் கோயில்லயும் இல்லை.

சின்னக் கோயில்தான், பெரிய கூட்டம் இருக்காது. அவசரப்படாம நின்னு கும்பிடலாம். பெரிய கோயிலுக்குப் போகிறவங்க கூடுதலா ஒரு மணி நேரம் ஒதுக்கி அவசியம் போய்ட்டு வாங்க. சாயங்காலம் போனா இன்னும் நல்லது.