ஓடியே ஆகணுமா, ஓடலாமா?

எங்கள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆட வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். காவேரிப்பட்டணம் பக்கம் எந்தத் தெருவிலும் அதுதானே ஆட்டம். அதனால் எறிவதும் பிடிப்பதும் சீக்கிரம் வந்துவிடும். தடுமாறுவது ஓட்டத்தில்தான். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். இங்கே ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்ற மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். பந்து ஃபேராக, அதாவது ஆட்டக்கோடுகளுக்குள், விழுந்தால் அடித்தவள் ஃபர்ஸ்டுக்கு ஓடியே தீர வேண்டும். அவள் வருவதால் ஃபர்ஸ்ட் பேஸில் இருப்பவள் கிளம்பியாக வேண்டும். ஒரு பேஸில் இரண்டு பேருக்கு இடமில்லை.

இது மட்டும் மனசில் பதிந்துவிட்டால் பாதி விதிகள் தானாக விளங்கிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போன வாரக் காலைப் பயிற்சியில் ஒரு அவுட் (மூன்று ஆனால் அடிக்கும் அணியின் முறை முடிந்துவிடும்), ஃபர்ஸ்டில் ஒரு ரன்னர், அதாவது ஏற்கெனவே பேஸுக்கு வந்துவிட்டவள். தரையோடு வந்த பந்து நேராக ஃபர்ஸ்ட் பேஸ்காரியிடமே போனது. எடுத்தாள், பேஸை மிதித்தாள், அடித்தவள் அவுட். அப்படியே திரும்பி செகண்டுக்கு ஒரு எறி, அவ்வளவு துல்லியம். அங்கே நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளை பிடித்து, பேஸை மிதித்து, துள்ளிக் குதித்தாள். ரன்னர் ஒரு எட்டு தள்ளித் தயங்கி நின்றவள், மெதுவாக வந்து பேஸில் கால் வைத்தாள். 'சேஃப்' என்றேன்.

"மிஸ், நான்தான் பேஸை மிதிச்சேனே!" அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

அடித்தவள் முதலில் அவுட்டாகிவிட்டால் ரன்னரைப் பின்னாலிருந்து தள்ள ஆளில்லை. அவள் ஃபர்ஸ்டுக்கே திரும்பிப் போகலாம். ஃபோர்ஸ், அதாவது ஓடியே தீர வேண்டிய கட்டாயம், போய்விட்டது. அது இருந்தால்தான் பேஸை மிதித்தால் போதும்; இனி பந்தோடு ஆளைத் தொட வேண்டும். முதலில் செகண்டுக்கு எறிந்து, பிறகு ஃபர்ஸ்டுக்கு வாங்கியிருந்தால் இரண்டு இடத்திலும் பேஸை மிதித்ததே போதும்.

பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடிதான். பந்தைக் கையில் வாங்கிய பிறகு யோசிக்க நேரமே கிடையாது. பிட்சர் கையைச் சுழற்றுவதற்கு முன்பே ஒன்பது பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: எத்தனை அவுட், யார் ஓடியே ஆக வேண்டும், யார் விரும்பினால் ஓடலாம்.

உயரப் பந்தில் இன்னொரு கிரிக்கெட் பழக்கம் குறுக்கே வரும். அங்கே கேட்ச் பிடித்தால் அந்தப் பந்து முடிந்தது. இங்கே ஆட்டம் தொடர்கிறது. ரன்னர் தன் பேஸில் கால் வைத்துக் காத்திருந்து, பந்து ஃபீல்டர் மேல் பட்டதும் கிளம்பலாம். இரண்டு அவுட் ஆகாதவரை, தேர்டில் இருப்பவளுக்கு ஆழமாகப் போகும் கேட்ச் ஒரு ரன். பாதி வழி ஓடிவிட்டு வேடிக்கை பார்ப்பவள் திரும்பி வருவதற்குள் பந்து அவள் பேஸுக்கு வந்துவிடும்.

இன்ஃபீல்டு ஃப்ளை விதி பிள்ளைகளுக்கு அநியாயமாகத் தெரியும். பிடிக்காமலே எப்படி அவுட் என்பார்கள். ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ஆள், அல்லது மூன்றிலும் ஆள். அவுட் இரண்டுக்குக் குறைவு. பேஸ்கள் பக்கம் நிற்கும் இன்ஃபீல்டர் சுலபமாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து. ரன்னர்கள் கேட்சுக்குப் பயந்து பேஸிலேயே நிற்பார்கள். வேண்டுமென்றே கீழே விட்டால் எல்லோரும் ஓடியாக வேண்டும், இரண்டு அவுட் சும்மா கிடைக்கும். அந்தத் தந்திரத்தை அடைக்கத்தான் அம்பயர் அடித்தவளை உடனே அவுட் என்கிறார். ஃபோர்ஸ் நீங்கிவிடுகிறது. பந்து கீழே விழுந்தாலும் ரன்னர்கள் ஓட வேண்டியதில்லை. ஓடினால் அவரவர் பொறுப்பு. பன்ட் அடித்த, அதாவது மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட, பந்துக்கும் நேர்கோட்டில் பாயும் பந்துக்கும் இது கிடையாது.

நாளைக்கு எடுக்கப்போவது மூன்றாம் ஸ்ட்ரைக். அடிக்கத் தவறுவது போன்றவை ஸ்ட்ரைக்; மூன்று ஆனால் வழக்கமாக அடிக்க நின்றவள் அவுட். ஆனால் அவள் பின்னால் நிற்கும் கேட்சர் அந்தப் பந்தை நழுவவிட்டு, ஃபர்ஸ்ட் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, அடிக்க நின்றவள் ஓடலாம். இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள் என்றால் எல்லோருமே ஓடியாக வேண்டும். எங்கள் கேட்சர் அப்போதெல்லாம் பதறி ஃபர்ஸ்டுக்கு எறிந்து, பந்து வேலியோரம் போய்விடுகிறது. பந்தை எடுத்து, காலடியில் இருக்கும் ஹோம் பிளேட்டை மிதித்தாலே மூன்றாவது அவுட்.